பெரியப்பாவோடு அருவி பார்க்கப் போன நாள்

நம்மில் நியூ ஜெர்சியில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்ததுதான். ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிப்போய்க் காட்டியாக வேண்டிய இடங்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. கோடையில் வந்தால் நயாகரா, சுதந்திர தேவி சிலை, கோயில். இலை பழுக்கும் காலத்தில் வந்தால் பென்சில்வேனியா மலைப் பக்கத்து ஸ்டேட் பார்க்குகளும் அவற்றின் அருவிகளும். விடிவதற்குள் எழுந்து, அலுமினிய ட்ரேக்களில் தக்காளி சோறும் தயிர் சோறும் கட்டிக்கொண்டு, ஒரே நாளில் இரண்டு மூன்று அருவிகளைப் பார்த்துவிட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடுவோம். கண்ணாடியைக் கழற்றினால்தான் மருந்துச் சீட்டைப் படிக்க முடிகிற வயது நமக்கு வந்துவிட்டது. அந்தப் பயணங்கள் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து எனக்கு ஒரே பயணமாகிவிட்டன. ஒன்று மட்டும் கலக்கவில்லை.

அப்போது எனக்குப் பதினொரு வயது, தம்பிக்கு ஐந்து. மான்மவுத் ஜங்ஷனில் இரண்டாம் மாடி அபார்ட்மென்ட்டில் இருந்தோம். அந்த வருடம் ஜூன் மாதம் ஈரோட்டுப் பக்கம் ஊரில் தாத்தா, அதாவது அப்பாவின் அப்பா, இறந்துபோனார். அப்பாவால் போக முடியவில்லை. கிரீன் கார்டுக்கு அப்ளை பண்ணிவிட்டுக் காத்திருந்த நேரம். பயண அனுமதிக் கடிதம் கைக்கு வராமல் நாட்டை விட்டு வெளியே போனால் திரும்பி உள்ளே வருவது நிச்சயமில்லை என்று வக்கீல் சொல்லிவிட்டார். சுருள் வயர் இழுபட, ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு அப்பா சமையலறைச் சுவரோடு நின்று அழுதது ஞாபகம் இருக்கிறது.

மறுமுனையில் பேசியது பெரியப்பா, அப்பாவின் ஒரே அண்ணன். அவர் சொன்னதை அப்பா பிறகு துக்கம் கேட்க வந்த ஒவ்வொரு அங்கிளிடமும் ஆன்ட்டியிடமும் சொன்னார். "தூக்கத்துலயே போயிட்டாருங்களாம். வலி இல்ல, ஒண்ணும் இல்ல. யாரையும் தேடக்கூட இல்லையாம்." கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது மட்டும் அப்பாவின் குரல் கொஞ்சம் திடமாகும்.

அக்டோபரில் பெரியப்பா எங்களைப் பார்க்க வந்தார். மூன்று வாரம்.

அவர் மின்வாரியத்தில் ஃபோர்மேன். கம்பத்தின் உச்சியில் இருக்கிறவர்களிடம் கீழே நின்று கத்திப் பேசியே பழகிய குரல். தம்பி இங்கிலீஷில் பதில் சொன்னால், "ஏண்டா, தமிழ்ல சொன்னா வாய் நோகுமா?" என்பார். அந்தக் குரலுக்கே தம்பி சோபாவுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்வான். அம்மா அவர் எதிரில் உட்கார மாட்டாள். அவர் சாப்பிடுகிற வரைக்கும் கரண்டியோடு சமையலறை வாசலில் நிற்பாள். அப்பாவோ அவரை ஓர் இடத்தில் உட்கார விடவில்லை. மால், கோயில், தன் ஆபீஸ் கட்டடம், பாலம் என்று சுற்றிக் காட்டிக்கொண்டே இருந்தார். இரண்டு பேரும் தாத்தாவைப் பற்றிப் பேசி நான் கேட்கவில்லை. வீட்டில் ஏதோ ஒன்று விறைப்பாக இருந்தது. பெரியப்பாவுக்கு அப்பா மேல் கோபம் என்று நான் நினைத்தேன். அம்மாவும் அப்படித்தான் நினைத்திருக்கிறாள்.

அவர் வந்த நாலாவது நாளோ ஐந்தாவது நாளோ, பாத்ரூம் கதவு சரியாகத் தாழ் விழாமல் இருந்ததால் நான் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். பெரியப்பா பாத்டப்பின் விளிம்பில் உட்கார்ந்து, பனியனைத் தூக்கி, வயிற்றில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். ஷேவிங் சாமான் வைக்கும் பையில் குட்டி மருந்துப் புட்டியும் மெல்லிய சிரிஞ்சுகளும் இருந்தன. நான் பயந்து பின்வாங்கினேன். அவர் கத்தவில்லை.

"அம்முணி, இங்க வா. பயப்படாத. சர்க்கரைக்குப் போடற ஊசி. ரெண்டு மாசமாத்தான் போடறேன்."

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியக் கூடாது. ஏற்கெனவே உன்ற அப்பன் ஒடைஞ்சு கெடக்கறான். அண்ணனுக்கும் சீக்குன்னு தெரிஞ்சா தாங்க மாட்டான். நீ யாருகிட்டயும் சொல்லக் கூடாது. என்ன, சொல்ல மாட்டயல்ல?"

சொல்ல மாட்டேன் என்று தலையாட்டினேன். பெரியவர் ஒருவர் என்னிடம் கெஞ்சுவது போலப் பேசியது அதுதான் முதல் தடவை. எனக்கு அது பெருமையாக இருந்தது. அம்மா கல்யாணத்துக்கு முன்னால் ஈரோட்டில் ஒரு நர்ஸிங் ஹோமில் லேப் டெக்னீஷியனாக வேலை பார்த்தவள். விசா காரணமாக இங்கே வேலைக்குப் போக முடியாமல் வீட்டில் இருந்தாள். அவளிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனையும் தவிர்ந்திருக்கும். ஆனால் தம்பி மனைவியிடம் தன் உடம்பைப் பற்றிப் பேசுவது பெரியப்பாவுக்கு நினைத்தே பார்க்க முடியாத விஷயம்.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு அப்பா எல்லோரையும் விரட்டினார். லேட்டாகப் போனால் பார்க்கிங் கிடைக்காது என்பது அவர் கவலை. பெரியப்பா ஷேவிங் பையோடு பாத்ரூம் போய்விட்டு வந்து மேஜையில் உட்கார்ந்தார். இரண்டாவது இட்லியைப் பிட்டபோது அப்பா சாவியை ஆட்டிக்கொண்டு நின்றார்.

"வழியில சாப்பிட்டுக்கலாங்ணா. டிராபிக் ஆயிடும்."

பெரியப்பா தட்டைப் பார்த்தார். பிறகு கை கழுவிவிட்டு எழுந்தார். எனக்கு அதில் எதுவும் தோன்றவில்லை. ஊசிக்கும் இட்லிக்கும் சம்பந்தம் உண்டு என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.

வழியில் எங்கும் சாப்பிடவில்லை. அம்மா மடியில் பெரிய ரோடு அட்லஸை விரித்துக்கொண்டு வழி சொல்லிக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கங்களுக்கு நடுவில், அட்லஸ் மடிகிற இடத்தில், எங்கள் எக்ஸிட் ஒளிந்திருந்தது. அது தாண்டிப் போனதும் அப்பா ஸ்டீயரிங்கை ஒரு அடி அடித்தார். "மேப்பைப் பாக்கத் தெரியாட்டி வாயத் தொறந்து சொல்லு!" அண்ணன் முன்னால் அப்பா அவளை அப்படிப் பேசியது அதற்கு முன்னால் இல்லை. திரும்பி வர ஒரு மணி நேரம் போனது. காரில் ஹீட்டர் சூட்டில் தக்காளி சோற்று வாசனை ஏறிக்கொண்டே வந்தது. "ஐ'ம் ஹங்ரி" என்று தம்பி நாலைந்து முறை சொன்னான். அம்மா அவனுக்கு மட்டும் ஒரு ஆரஞ்சை உரித்துக் கொடுத்தாள்.

முதல் பார்க்கில் அருவி சின்னது. ஆளுயரப் பாறையில் ஒரு வேட்டி அகலத்துக்கு விழுந்தது. அப்பா அதைப் பார்த்துவிட்டு ஏமாந்துபோய், "இது இல்லீங்ணா, இன்னொண்ணு இருக்கு, பெருசு" என்றார். அம்மா சாப்பாடு இருந்த கூலர் பையை இறக்கப் போனாள். சாப்பிட்டால் நடக்க முடியாது, அதையும் பார்த்துவிட்டு நிதானமாகச் சாப்பிடலாம் என்று அப்பா சொல்லிவிட்டார். அம்மா பெரியப்பாவைப் பார்த்தாள். அவர் "செரி, தம்பி சொல்றபடி ஆகட்டும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் கை கார் கதவை இறுகப் பிடித்திருந்தது.

இரண்டாவது பார்க்குக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டிவிட்டது. பார்க்கிங்கிலிருந்து அருவிக்கு ஒரு மைல் ஏற்றம். மேப்பிள் மரங்கள் சிவப்பும் மஞ்சளுமாக நின்றன. காலடியில் ஈர இலைகள் வழுக்கின. ஓடைத் தண்ணீர் காபி டிக்காஷன் நிறத்தில் இருந்ததும் அதன் மேல் நுரை வளையம் வளையமாகச் சுற்றியதும் கண்ணுக்குள் இருக்கின்றன. நல்ல குளிர். நாங்கள் எல்லோரும் ஜாக்கெட்டை இழுத்துப் பூட்டிக்கொண்டோம். பெரியப்பா மட்டும் ஸ்வெட்டரைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டார். அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காதுமடலில் வியர்வை நின்றது.

"வேக்குதுங்களா மாமா?" என்று அம்மா கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. நடங்க" என்று எரிந்து விழுந்தார்.

மேலே மரப்பலகை மேடை ஒன்றும் அதற்கு எதிரே அருவியும் இருந்தன. நிஜமாகவே பெரியது. சாரல் முகத்தில் அடித்தது. அப்பாவின் முகம் அன்று முதல் தடவையாக மலர்ந்தது. எங்களைக் கைப்பிடிக் கம்பியோடு வரிசையாக நிறுத்தி, கேமராவை எதிர்க் கம்பத்தின் மேல் வைத்து டைமரை அழுத்திவிட்டு ஓடிவந்தார். கேமராவில் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டிருந்தது. சாதாரணமாகத்தான் சொன்னார்.

"அப்பாவுக்கு ஒரு தடவை இதையெல்லாம் காட்டியிருக்கலாங்ணா. அதுக்குள்ள நிம்மதியாப் போய்ச் சேந்துட்டாரு."

பெரியப்பா அவர் பக்கம் திரும்பினார். கண்கள் அப்பாவைப் பார்த்தனவா என்று எனக்கு நிச்சயமில்லை.

"நிம்மதியாவா? தூக்கத்துல போனாருன்னு சொன்னனே, அதையா நம்பிட்டு இருக்கற?"

"அண்ணா..."

"நாலு நாள்டா! நாலு நாள் கட்டில்ல கெடந்து வாசலையே பாத்துட்டு இருந்தாரு. சின்னவன் வந்துட்டானா, சின்னவன் வந்துட்டானான்னு ஒரே கேள்வி. ஏரோப்ளேன் ஏறிட்டான்னு சொன்னேன். பம்பாய் வந்துட்டான்னேன். மெட்ராஸ் வந்துட்டான்னேன். கடசி நாளு கோயமுத்தூர் வரைக்கும் உன்னையக் கொண்டாந்துட்டேன். அதுக்கு மேல எங்கடா கொண்டாறது? வந்துட்டான்னு யாரைக் காட்டறது?"

அந்த நேரம்தான் கேமரா க்ளிக் என்றது. அந்தப் படம் கழுவி வந்ததா, வந்ததை யார் எடுத்தார்கள் என்று தெரியாது. எங்கள் ஆல்பத்தில் அந்தப் பக்கத்தில் நாலு மூலை ஒட்டுகளுக்கு நடுவே வெறும் கறுப்புக் காகிதம்தான் இருக்கிறது.

அப்பா கேமராவை எடுத்துக்கொண்டார். தம்பியின் கையைப் பிடித்தார். படி இறங்கிப் போய்விட்டார். அவர் முதுகு மரங்களுக்குள் மறைகிற வரைக்கும் அம்மா பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அதுவரை நான் கேட்டிராத குரலில், "இதை இவ்வளவு நாள் மனசுல வெச்சுட்டு இங்க வந்து சொல்லோணுங்களா மாமா?" என்றாள்.

பெரியப்பா அதைக் கேட்டதாகவே தெரியவில்லை. மேடையின் ஓரத்தில் கட்டியிருந்த கயிற்றைத் தாண்டிக் கால் வைத்தார். அந்தப் பக்கம் பாசி பிடித்த பாறைகள், கீழே அருவி விழுகிற மடு. உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். சட்டைப் பொத்தான்களைத் தடவ ஆரம்பித்தார்.

"மாமா, எங்க போறீங்க?"

"வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு. ஒரு முழுக்குப் போட்டுட்டு வந்தர்றேன்." நாக்கு குழறியது. "அப்பா தோட்டத்துல காத்துட்டு இருப்பாரு."

அம்மா உறைந்துபோனாள். கோபமா, பழிக்குப் பேசுகிறாரா, குடித்திருக்கிறாரா என்று அவள் முகத்தில் ஒவ்வொன்றாக ஓடியது. நான் பாறையில் இருந்த அவர் ஷூக்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சொல்லக் கூடாது என்றிருக்கிறார். சொன்னால் அப்பா உடைந்துபோவார் என்றிருக்கிறார். பெரியப்பா எழுந்து நிற்க முயன்று, ஒரு பக்கமாகச் சாய்ந்து, கையை ஊன்றிக்கொண்டார். அதற்கப்புறமும் நான் எவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்று என்னால் சொல்ல முடியாது. பத்து நொடியாக இருக்கலாம். அந்தப் பத்து நொடிக்காக நான் இன்றும் என்னை மன்னிக்கவில்லை.

"அம்மா, பெரியப்பா டெய்லி ஊசி போட்டுக்கறாரு. சுகருக்கு."

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். "இன்னைக்குப் போட்டாரா?"

"போட்டாரு. காலையில."

"ஐயோ, ஊசியப் போட்டுட்டு ஒண்ணரை இட்லியோட வந்தாரே! சர்க்கரை எறங்கிருச்சு!"

அடுத்த நொடி அவள் கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்தாள். புடவையோடு பாசிப் பாறையில் உட்கார்ந்து, பின்னாலிருந்து பெரியப்பாவின் இரண்டு அக்குளிலும் கை கொடுத்து இழுத்துப் பிடித்துக்கொண்டாள். அவர் உதறினார். அவள் விடவில்லை. "ஓடு, யாராவது வர்றாங்களா பாரு. இனிப்பு கேளு!"

நான் ஓடுவதற்குள் ஒரு வயதான வெள்ளைக்காரத் தம்பதி மேடையில் ஏறிவந்துவிட்டார்கள். மளிகைக் கடையில்கூட என்னைப் பேச விட்டுவிட்டுப் பின்னால் நிற்கிற அம்மா, அருவிச் சத்தத்துக்கு மேலே கத்தினாள். "சுகர்! சுகர் லோ! ப்ளீஸ்!"

அந்த மனிதர் பையிலிருந்து சோடா டின் ஒன்றை எடுத்து நீட்டினார். அவர் மனைவி அவர் கையைத் தட்டிவிட்டாள். "நோ, தட்ஸ் டயட்!" என்றாள். அதில் சர்க்கரை கிடையாது. பிறகு மண்டியிட்டுப் பையைக் கவிழ்த்தாள். கையுறை, பிளாஸ்க், பைனாகுலர் எல்லாம் பலகையில் உருண்டன. கடைசியில் கரடிப் பொம்மை வடிவத்தில் ஒரு தேன் பாட்டில். டீக்குக் கொண்டுவந்திருப்பாள் போல. நான் அதை வாங்கிக்கொண்டு கயிற்றைத் தாண்டி அம்மாவிடம் கொடுத்தேன்.

அப்போது பெரியப்பாவின் தலை அம்மாவின் தோளில் தொங்கிவிட்டது. ஊற்றினால் புரையேறும். அம்மா தேனை விரலில் பிழிந்து, அவர் வாய்க்குள் விட்டு, ஈறிலும் கன்னத்தின் உட்பக்கத்திலும் தேய்த்தாள். மறுபடி பிழிந்தாள், மறுபடி தேய்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவர் எதிரில் உட்காராதவள். "முழுங்குங்க மாமா. சித்த முழுங்குங்க." அந்த அமெரிக்க மனிதர் கயிற்றுக்கு இந்தப் பக்கத்திலிருந்து பெரியப்பாவின் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

பெரியப்பாவின் தொண்டை ஒரு முறை அசைந்தது. அம்மா நிமிராமலே சொன்னாள். "போ, அப்பாவைக் கூட்டிட்டு வா. சாப்பாட்டுப் பையையும் கொண்டாரச் சொல்லு."

ஒரு மைல் இறக்கம். நான் இரண்டு தடவை விழுந்தேன். கார் பார்க்கிங்கில் அப்பா முன் பம்பரில் உட்கார்ந்திருந்தார். தம்பி பக்கத்தில் சிவப்பு இலைகளை வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தான். மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். ஊசி, இட்லி, தேன். அப்பா கூலர் பையை எடுக்கக் கையை நீட்டியவர் அப்படியே நின்றார்.

"சுகர் எப்பக் கொறஞ்சுது? அண்ணன் அந்தப் பேச்சைப் பேசறதுக்கு முன்னாடியா, பொறகா?"

"தெரியலப்பா."

"சுகர் கொறஞ்சா இல்லாததைச் சொல்லுவாங்களா? உங்கம்மா எதாவது சொன்னாளா?"

"தெரியலப்பா."

அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பையை ஒரு கையிலும் தம்பியை இடுப்பிலும் தூக்கிக்கொண்டு ஓடினார். அப்பா ஓடி நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

நாங்கள் போனபோது பெரியப்பா மேடையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அந்த வெள்ளைக்கார அம்மாளின் கம்பளிப் போர்வை அவர் தோளில் இருந்தது. தாடையெல்லாம் தேன் பிசுபிசுப்பு. அம்மா தயிர் சோற்றைக் கரண்டியால் எடுத்துக் கொடுக்க, பச்சைக் குழந்தை மாதிரி வாங்கிச் சாப்பிட்டார். தம்பதியர் ரேஞ்சரைக் கூப்பிடட்டுமா, ஆம்புலன்ஸ் வரவழைக்கட்டுமா என்று கேட்டார்கள். அப்பா நன்றி சொல்லி, தானே டாக்டரிடம் கூட்டிப்போவதாகச் சொன்னார். திங்கட்கிழமை கூட்டியும் போனார்.

அவர்கள் போன பிறகு பெரியப்பா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். சட்டைப் பொத்தான் திறந்திருப்பதைக் கவனித்து மெதுவாகப் போட்டுக்கொண்டார்.

"போட்டோவுக்கு நின்னது ஞாபகம் இருக்குது. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல." அப்பாவிடம் கேட்டார். "நான் எதாச்சும் பேசுனனா தம்பி?"

"இல்லீங்ணா."

"உன்ற மூஞ்சி செரியில்லையே."

"பயந்துட்டேங்ணா, அவ்வளவுதான்."

பெரியப்பா நம்பவில்லை. என் பக்கம் திரும்பினார். "அம்முணி, நீ சொல்லு. பெரியப்பா எதாச்சும் சொல்லக் கூடாததைச் சொன்னனா?"

அம்மா கரண்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தாள். அப்பா என்னைப் பார்க்கவில்லை, அருவியைப் பார்த்தார். ஒரு மணி நேரத்துக்குள் இவருடைய ஒரு பேச்சைக் காப்பாற்றத் தவறிவிட்டேன். இப்போது என்ன கேட்கிறார் என்பது எனக்கு நன்றாகப் புரிந்தது.

"வாய்க்கால்ல குளிக்கப் போறேன்னு சொன்னீங்க பெரியப்பா. அது மட்டுந்தான்."

அவர் தோள்கள் தளர்ந்தன. கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். "வாய்க்காலா! பைத்தியக்காரன்." மிச்சத் தயிர் சோற்றையும் சாப்பிட்டார்.

திரும்பி வரும்போது பெரியப்பா முன் சீட்டில் தூங்கினார். அவர் கழுத்து சாய்கிறபோதெல்லாம் அப்பா ஒரு கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து அவர் நெற்றியை நிமிர்த்தி வைத்துக்கொண்டே ஓட்டினார். மிச்சம் இருந்த நாட்களில் அம்மாதான் அவருக்கு வேளை தவறாமல் தட்டு வைத்தாள். அவர் சாப்பிடும்போது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, எவ்வளவு சாப்பிடுகிறார் என்று பார்த்தாள். அருவியில் பேசிய பேச்சை எங்கள் வீட்டில் யாரும் மறுபடி எடுக்கவில்லை.

டிசம்பரில் அப்பாவுக்குப் பயண அனுமதி வந்தது. தனியாக ஊருக்குப் போனார், இரண்டு வாரம். ஒரு நாள் காலை எங்களுக்குப் பெரியப்பாவின் போன் வந்தது. அம்மா எடுத்தாள். நான் பக்கத்தில் ஸ்கூல் பையை மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன். அவர் குரல்தான் தெரியுமே, ரிசீவருக்கு வெளியே கேட்டது.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லம்மா, நல்லாத்தான் இருக்கான். ஆனா எங்கயும் வெளிய வர மாட்டேங்கறான். பொழுதுக்கும் அப்பாவோட கட்டில்ல படுத்துட்டு வாசலையே பாத்துட்டுக் கெடக்கறான். கூப்பிட்டாலும் திரும்பறதில்ல. அங்கத்த நேரமும் இங்கத்த நேரமும் மாறிப்போனதுனால தூக்கம் கெட்டுப்போச்சோ?"

அம்மா வயரை விரலில் சுற்றிக்கொண்டாள்.

"ஆமாங்க மாமா," என்றாள். "டைம் மாறுனா அப்படித்தாங்க இருக்கும். நாலு நாள்ல செரியாயிரும்."